பாலுக்கு அஞ்சும் பூனை

நானுஓயாவிலிருந்து பதுளை நோக்கிச் செல்லும் புகையிரதம் அம்பேவெலவைக் கடந்து, மேலும் சிறிது ஏறி, பட்டிப்பொல என்னும் சிறு நிலையத்தில் வந்து நிற்கும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,890 மீற்றர் உயரத்தில் உள்ள அந்நிலையமே இலங்கையில் மிக உயரத்தில் அமைந்த புகையிரத நிலையமாகும். பட்டி என்ற சொல்லைக் கேட்டதும் தமிழருக்கு மாட்டுப்பட்டி நினைவுக்கு வருவது இயல்பு. அந்த நினைவுக்குப் பொருந்திய சூழலும் அங்கே உண்டு. அண்மையிலுள்ள அம்பேவெலப் பண்ணைகளின் புல்வெளிகளில் பசுக்கள் மேய்கின்றன. மலைச்சரிவுகளில் தேயிலையோடு உருளைக்கிழங்கும், கரட்டும், லீக்ஸும் விளைகின்றன. பாலின் பெயரே முன்னிற்கும் இத்தகைய ஊரில் பூனையாகப் பிறப்பது பெரும் பேறு என்று எவரும் எண்ணக்கூடும். அந்த எண்ணம் எவ்வளவு பொருத்தமுடையது என்பதை ஆராய்வது பயனுடையது.

பூனையையும் பாலையும் இணைத்துப் பேசுவது தமிழில் நெடுங்கால வழக்கு. தம் இராமாயணத்தைத் தொடங்கும் கம்பர், பாற்கடலைக் கண்ட பூனை ஒன்று அதனை முழுவதும் நக்கிக் குடித்துவிடப் புகுந்தது போன்றது தம் ஆசை என்று அவையடக்கம் கூறுகிறார். இருபுறமும் நல்லவனாக நடப்பவனைக் குறித்து, 'பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்' என்று உலகோர் சொல்வர். பூனை என்றால் பால், பால் என்றால் பூனை என்னும் அளவுக்கு இவ்விரண்டும் மக்கள் மனத்தில் ஒன்றிவிட்டன. ஆயினும் வளர்ந்த பூனைகள் பலவற்றின் வயிற்றுக்குப் பசும்பால் ஒத்துக்கொள்வதில்லை என்பதே விலங்கு மருத்துவம் கூறும் உண்மை.

இவ்வுண்மை ஒரு குடும்பத்தில் எவ்வாறு வெளிப்படும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். பட்டிப்பொலவை அடுத்த தோட்டமொன்றின் லயத்தில் ஒரு குடும்பம் வாழ்வதாகக் கொள்வோம். அரிசி மூட்டையையும் விதைக் கிழங்கையும் எலிகள் கடித்து நாசமாக்கியதால், அவ்வீட்டார் ஒரு பூனைக்குட்டியைக் கொண்டுவந்து வளர்க்கின்றனர். வீட்டுக்கு மூத்தவளான அப்பாயி காலை தோறும் தம் தேநீருக்கென எடுத்துவைத்த பாலில் பாதியைப் பூனையின் தட்டில் ஊற்றுகிறார். விலை கொடுத்து வாங்கும் பால் அது. தமக்குக் குறைத்துக்கொண்டு, வாய் பேசாத ஓர் உயிருக்கு அவர் கொடுக்கிறார். பூனையோ நாளுக்கு நாள் மெலிகிறது. வயிறு ஊதுகிறது, கழிச்சல் நிற்பதில்லை, மயிர் பொலிவிழந்து சிலிர்த்து நிற்கிறது. அது மெலிவதைக் கண்டு அப்பாயி இன்னும் சிறிது கூடுதலாகப் பால் ஊற்றுகிறார்.

"அப்பாயி, பாலைக் குடிச்ச பிறகுதான் அதுக்கு வயிறு கெட்டுப்போகுது" என்று பள்ளிக்கூடம் செல்லும் பேத்தி சொல்கிறாள்.

"பாலைக் குடிச்சு எந்தப் பூனையாச்சும் கெட்டுப்போனதுண்டா, ஆத்தா?" என்று கேட்கிறார் அப்பாயி.

அப்பாயியின் கேள்வியில் பல தலைமுறைகளின் நம்பிக்கை இருக்கிறது. பேத்தியின் சொல்லில் கண்ணால் கண்ட உண்மை இருக்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்டிருப்பது அந்தப் பூனையின் உயிர்.

தாயிடம் பாலுண்ணும் பருவத்தில் எல்லாப் பூனைக்குட்டிகளும் பாலை நன்றாகச் செரிக்கின்றன. பாலில் இயற்கையாக அமைந்துள்ள சர்க்கரைக்குப் பால்வெல்லம் என்று பெயர். அதனை இலற்றோசு என்றும் கூறுவர். அது அப்படியே உடலில் சேராது. சிறுகுடலில் சுரக்கும் இலற்றேசு என்னும் நொதியம் அதனை இரண்டாகப் பிளந்த பின்னரே உடல் அதனை ஏற்கும். குட்டி பிறந்து ஏறக்குறைய நான்கு வாரத்தில் தாய்ப்பாலைச் சிறிது சிறிதாக மறக்கத் தொடங்குகிறது. எட்டு வாரமளவில் முற்றிலும் மறந்துவிடுகிறது. அதன் பிறகு அந்த நொதியத்துக்கு வேலை இல்லையாதலால், அதன் சுரப்பும் குறைந்துகொண்டே போகிறது. மனிதரிலும் பெரும்பாலோர் வளர்ந்த பிறகு இந்நிலையை அடைகின்றனர் என்பது நினைக்கத்தக்கது.

பிளக்கப்படாத பால்வெல்லம் குடலில் தங்கும்போது இரண்டு தீமைகள் நேர்கின்றன. அது குடலுக்குள் நீரை இழுத்துக்கொள்கிறது. அதனால் மலம் தண்ணீராகக் கழிகிறது. அடுத்து, பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள் அதனைப் புளிக்கவைக்கின்றன. அதனால் வாயு பெருகி வயிறு ஊதி வலிக்கிறது. பசும்பாலில் நூற்றுக்கு ஏறக்குறைய ஐந்து பங்கு பால்வெல்லம் உண்டு. ஆகவே 200 மில்லிலீற்றர் கொண்ட ஒரு கோப்பைப் பாலில் சுமார் 10 கிராம் சர்க்கரை இருக்கிறது. நான்கு கிலோ எடையுள்ள ஒரு சிற்றுயிரின் குடலுக்கு இது சிறு சுமையன்று.

எல்லாப் பூனைகளும் இவ்வாறே பாதிக்கப்படும் என்று கூறுவதற்கில்லை. ஒரு மேசைக்கரண்டி பாலைக் குடித்து நலமாக இருக்கும் பூனைகளும் உண்டு. பால் நஞ்சன்று. ஆனால் அது வளர்ந்த பூனைக்குத் தேவையான உணவுமன்று. வீட்டோடு வாழும் நான்கு கிலோப் பூனைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 200 முதல் 250 கலோரி வரை போதும். ஒரு கோப்பைப் பாலே அதில் பாதியை நிரப்பிவிடும். வயிறு நிறைந்த பூனை வேறு உணவைத் தேடாது. இவ்வாறு வயிறு நிறைந்தும் உடல் வாடும் நிலை உண்டாகிறது.

விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் காலத்துத் தெனாலிராமனைப் பற்றிய கதையொன்று நேயர்களுக்குத் தெரிந்திருக்கும். எலிகளை ஒழிப்பதற்காக அரசர் குடிமக்களுக்குப் பூனைகளையும், அவற்றுக்குப் பாலூட்டப் பசுக்களையும் கொடுத்தாராம். தெனாலிராமன் தன் பூனைக்குக் கொதிக்கும் பாலை வைத்தான். வாய் வெந்த பூனை அன்றிலிருந்து பாலைக் கண்டாலே ஓட்டம் பிடித்தது. பாலைக் கண்டு ஓடும் பூனை உலகில் உண்டோ என்பதே அக்கதையின் நகைச்சுவை. இன்றைய அறிவு கொண்டு நோக்கினால், பாலைக் குடித்துத் துன்புறும் பூனைகள்தாம் பல. ஓடத் தெரியாமல் குடித்துவிடுகின்றன என்பதே வேறுபாடு. பாலிலுள்ள கொழுப்பின் சுவை அவற்றைக் கவர்கிறது. விரும்பிக் குடிப்பது ஒன்று. குடித்தது உடலில் ஒட்டுவது மற்றொன்று.

பால் வேண்டாமென்றால் வேறு எதைக் கொடுப்பது என்ற கேள்வி எழுகிறது. லயத்து வீட்டில் எளிதில் கிடைப்பது சோறும் பருப்பும் ரொட்டியும். இவற்றைக் கொண்டே பூனையை வளர்த்துவிடலாம் என்று எண்ணுவோர் பலர். நாய் ஓரளவு இதனைத் தாங்கும். பூனை தாங்காது. பூனை பிறவியிலேயே ஊனுண்ணி. சோற்றை நன்கு குழைய வேகவைத்தால் அதில் ஒரு பகுதியை அதன் வயிறு செரிக்கும். எனினும் சோற்றை மட்டும் உண்டு அது வாழ முடியாது. தொல்காப்பியத்து மரபியல், குட்டி என்னும் இளமைப் பெயருக்கு உரியவையாகக் கீரி, காட்டுப்பூனையாகிய வெருகு, எலி, அணில் ஆகிய நான்கையும் ஒருங்கே வைத்துச் சொல்கிறது. பெயரால் ஓரினமாக வைக்கப்பட்ட எலியும் அணிலும் வெருகுக்கு இரையாவன. இன்றைய வீட்டுப் பூனையின் குடலும் அந்த வேட்டை வாழ்க்கைக்கு ஏற்றவாறே அமைந்திருக்கிறது.

இதனை அறிவியலார் படிப்படியாகவே கண்டறிந்தனர். பாலிலிருந்து பிரித்தெடுக்கும் கேசீன் என்னும் புரதத்தை முதன்மையாகக் கொண்ட உணவை உண்ட பூனைகள் நாளடைவில் பார்வை இழந்தன. டோரின் என்னும் சத்துக் குறைவே அதற்குக் காரணம் என்று 1975ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்டனர். அதே சத்துக் குறைவினால் பூனையின் இதயத் தசை தளர்ந்து வீங்கி உயிருக்கே ஆபத்து நேரும் என்பது 1987இல் கலிபோர்னியாவில் நடந்த ஆய்வால் தெரியவந்தது. பிற விலங்குகள் பலவற்றின் உடல் இந்தச் சத்தைத் தானே போதிய அளவு ஆக்கிக்கொள்ளும். பூனையின் உடலுக்கு அந்த ஆற்றல் மிகக் குறைவு. அது இறைச்சியிலும் மீனிலும் உண்டு. சோற்றிலும் பருப்பிலும் இல்லை.

மற்றுமொரு சான்று நுவரெலியா மாவட்டத்தின் தோட்டங்களிலேயே இருக்கிறது. கரட்டிலுள்ள மஞ்சள் நிறச் சத்தை மனித உடல் உயிர்ச்சத்து ஏ ஆக மாற்றிக்கொள்ளும். பூனையின் உடலால் அதனைச் செய்ய இயலாது. கூடை கூடையாகக் கரட் விளையும் நிலத்தில் வாழ்ந்தாலும், பூனை தன் உயிர்ச்சத்து ஏயை விலங்குணவிலிருந்தே பெற வேண்டும். இனிப்புச் சுவையை உணரும் உறுப்புக்கு வேண்டிய மரபணு பூனை இனத்தில் செயலற்றுப் போயிற்று என்பதும் 2005ஆம் ஆண்டில் அறியப்பட்டது. ஆகவே சீனி போட்ட பாலைப் பூனை இனிப்புக்காகக் குடிப்பதில்லை. அந்தச் சீனி வீட்டாரின் மன நிறைவுக்கே உரியது.

உணவால் பூனைக்கு நேரும் தொல்லைகளை இரண்டு வகையாகப் பிரித்து அறிவது நன்று. முதலாவது, செரிக்க இயலாமை. பால்வெல்லத்தால் வரும் கழிச்சல் இவ்வகையினது. உணவின் அளவு கூடினால் தொல்லை கூடும். அளவு குறைந்தால் குறையும். நிறுத்தினால் பெரும்பாலும் ஓரிரு நாளில் தீரும். இரண்டாவது, ஒவ்வாமை. ஏதேனும் ஓர் உணவிலுள்ள புரதத்தை உடல் பகையாகக் கருதி எதிர்ப்பதால் இது தோன்றுகிறது. மாட்டிறைச்சி, மீன், கோழி ஆகிய பழகிய உணவுகளே பெரும்பாலும் காரணமாகின்றன. பலநாள் நன்றாக உண்டுவந்த உணவும் திடீரென்று ஒவ்வாததாகலாம். வாந்தி, கழிச்சல் ஆகியவற்றோடு, தலையிலும் கழுத்திலும் தீராத அரிப்பு எழுந்து, பூனை தன் தோலைப் புண்ணாகும்வரை சொறிந்துகொள்ளும். இதற்குச் சிறிதளவு உணவே போதும்.

காரணம் யாதெனக் கண்டுபிடிக்கும் வழி பொறுமையை வேண்டுவது; எனினும் அதன் முதற்படிகளுக்குப் பெருஞ்செலவு இல்லை. பாலை உடனே நிறுத்திவிடலாம். கறிக்குழம்பு கலந்த எச்சிற்சோற்றையும் நிறுத்தலாம். குடற்புழுவுக்கு மருந்து கொடுக்கலாம். எலி பிடிக்கும் பூனைக்கும் தெள்ளு மிகுந்த பூனைக்கும் புழுத்தொல்லை பெரிதும் உண்டு, அதுவும் கழிச்சலாகவே வெளிப்படும். இம்மூன்றையும் செய்தாலே பல பூனைகள் தேறிவிடும். எடுத்துக்காட்டில் கண்ட பேத்தி, தன் அப்பியாசக் கொப்பியின் பின்பக்கத்தில் பூனை உண்டதையும் அதன் மலத்தின் தன்மையையும் நாள்தோறும் குறித்து வருவாளாயின், அது மிருக வைத்தியருக்குப் பெரிதும் உதவும்.

இவற்றால் தீராவிடில், விலக்குணவுச் சோதனை என்பதைச் செய்ய வேண்டும். பூனை இதுவரை உண்டறியாத ஒரே வகை இறைச்சியை மட்டும் உப்பும் மசாலையும் சேராமல் அவித்துக் கொடுப்பது அதன் முறை. மீனும் கோழியும் உண்டு வளர்ந்த பூனைக்கு ஆட்டிறைச்சி ஏற்றதாகலாம். வயிற்றுத் தொல்லையாயின் இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் குணம் தெரியும். தோல் அரிப்பாயின் எட்டு வாரமேனும் காத்திருக்க வேண்டும். குணமான பிறகு பழைய உணவை மீண்டும் கொடுத்துப் பார்ப்பதும் சோதனையின் ஒரு பகுதியே. தொல்லை திரும்பி வந்தால் காரணம் உறுதியாகும். தனி இறைச்சி நீண்ட நாளைக்கு முழு உணவாகாது என்பதையும் மறத்தலாகாது. இறைச்சியில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. அதனை மட்டும் உண்ணும் குட்டிகளின் எலும்புகள் வலுவிழந்து முறியும். ஆகவே இச்சோதனையை மிருக வைத்தியரின் அறிவுரையோடு, வளர்ந்த பூனைக்கே செய்ய வேண்டும்.

லயத்து வாழ்க்கையில் இச்சோதனைக்கு ஓர் இடையூறு உண்டு. ஒரு கூரையின் கீழ் வரிசையாகக் குடும்பங்கள் வாழும்போது, பூனை ஒரு வீட்டுக்கு மட்டும் உரியதாக இருப்பதில்லை. ஒரு காம்பராவில் பாலை நிறுத்தினால், அடுத்த காம்பராவில் அன்புள்ளம் கொண்ட ஒருவர் கருவாட்டுத் தலையை எறிவார். மற்றொருவர் தேநீரில் மிஞ்சிய பாலை ஊற்றுவார். ஒருநாள் இரக்கம் ஒரு மாதத்துச் சோதனையைக் கெடுத்துவிடும். எனவே நோயுற்ற பூனைக்குப் பத்தியம் நடக்கிறது என்பதை அயலாருக்கும், குறிப்பாகப் பிள்ளைகளுக்கும், சொல்லி வைப்பது இன்றியமையாதது. மனிதருக்குப் பத்தியம் என்றால் மதிக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது புதிய செய்தியன்று.

இனி, மலைநாட்டு அடுக்களையில் உள்ள பொருள்களுள் எவை ஏற்றவை, எவை விலக்கத்தக்கவை என்று காணலாம். எல்லாவற்றுக்கும் மேலாக அஞ்சத்தக்கது லீக்ஸ். வெங்காயம், வெள்ளைப்பூண்டு, லீக்ஸ் ஆகியவை ஓரினப் பயிர்கள். அவற்றிலுள்ள சில பொருள்கள் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். வேகவைத்தாலும் பொரித்தாலும் அந்த நஞ்சு நீங்குவதில்லை. சிறிது சிறிதாகப் பலநாள் உட்கொண்டாலும் தீங்கே. கறித்துண்டை எடுத்துவிட்டுக் குழம்பை மட்டும் சோற்றில் பிசைந்து வைத்தாலும், வெங்காயத்தின் சாறு அதனுள் இருக்கிறது. பூனைக்குரிய இறைச்சியையோ மீனையோ தாளிப்பதற்கு முன்பே தனியாக எடுத்து அவித்துவிடுவதே வழி.

கருவாட்டிலும் உலர்ந்த நெத்தலியிலும் உப்பு மிகுதி. வேறு வழியில்லாதபோது பலமுறை நீரில் ஊறவைத்துக் கழுவி, சிறிதளவே கொடுக்கலாம். தகரத்தில் அடைத்த மீனையும் அவ்வாறே கழுவிக் கொடுக்கலாம்; ஆனால் நாள்தோறும் அதுவே உணவாகலாகாது. கொழுப்பு மிகுந்த மீனை மட்டும் பலநாள் உண்ணும் பூனைக்கு உயிர்ச்சத்து ஈ குறைந்து, தோலடிக் கொழுப்பு வீங்கி நோகும் நோய் வரும். பச்சை மீன் சிலவற்றில் உயிர்ச்சத்து பி1ஐ அழிக்கும் பொருள் உண்டு. அச்சத்துக் குறைந்தால் பூனை தலையை நிமிர்த்த மாட்டாமல் கழுத்துத் தொங்கித் தடுமாறும். மீனை வேகவைத்தால் அப்பொருள் அழிந்துவிடும்.

ஈரலைப் பூனை பெரிதும் விரும்பும். அதில் உயிர்ச்சத்து ஏ அளவுக்கு மிஞ்சி இருக்கிறது. ஈரலையே முதன்மை உணவாக உண்ட பூனைகளின் கழுத்தெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிப்போவதை அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1960களில் விளக்கினர். வாரத்துக்கு ஒருமுறை சிறு துண்டு ஈரல் போதும். கோழியின் இதயமும் காற்சதையும் டோரின் சத்து மிகுந்தவை. விலையிலும் இதயம் போன்ற உள்ளுறுப்புகள் ஓரளவு எளியவை. இறைச்சியை நீரில் அவிக்கும்போது டோரினில் ஒரு பகுதி நீரில் இறங்கிவிடுமாதலால், அந்த நீரையும் ஆறவைத்து உணவோடு கொடுத்தல் நன்று. அவித்த முட்டை சிறந்த உணவு. வேகவைத்த எலும்பு பிளந்து குடலைக் கிழிக்கும் ஆதலால் அதனைத் தரலாகாது. தேங்காய்ப்பாலில் பால்வெல்லம் இல்லை. ஆயினும் அதன் கொழுப்பு நொந்த வயிற்றை மேலும் நோகச் செய்யும்.

உணவை மாற்றும்போது ஒரே நாளில் மாற்றுதல் தவறு. பழையதில் சிறிது குறைத்து, புதியதில் சிறிது கூட்டி, ஏழு முதல் பத்து நாளில் மாற்றத்தை முடிக்க வேண்டும். "பசித்தால் தானாகத் தின்னும்" என்று பூனையைப் பட்டினி போடுவது பெருந்தவறு. இரண்டு மூன்று நாள் உண்ணாத பூனையின் உடற்கொழுப்பு ஈரலில் சென்று நிறைந்து, ஈரலையே செயலிழக்கச் செய்துவிடும். உடல் பருத்த பூனைக்கு இந்த ஆபத்து இன்னும் மிகுதி. வளர்ந்த பூனை ஒருநாள் முழுவதும் உணவைத் தொடாதிருந்தால் அதனைப் பிடிவாதம் என்று கருதாமல் நோயின் அறிகுறி என்று கருத வேண்டும்.

பாலை நிறுத்திய தட்டில் தண்ணீர் இருக்க வேண்டும். வீட்டுப் பூனையின் மூதாதை வறண்ட நிலத்தில் வாழ்ந்த காட்டுப்பூனை. அதனால் தாகம் எடுத்தும் நீர் தேடாத இயல்பு இன்றைய பூனைக்கும் உண்டு. கழிச்சலால் உடல் நீரிழந்த பூனைக்கு நீர் உயிர் காக்கும் மருந்து. பட்டிப்பொலவின் குளிரில் இரவு முழுவதும் வெளியே வைத்த நீர் பனி போலக் குளிர்ந்துவிடும். காலையில் அதனை மாற்றி, குளிர் நீங்கிய நீரை வைக்கலாம். உணவிலேயே சிறிது அவித்த நீரைக் கலப்பது இன்னும் எளிய வழி. நோயுற்ற பூனை தன் உடற்சூட்டைக் காத்துக்கொள்ளக் கூடுதலான சக்தியைச் செலவிடுகிறது. அடுப்படியின் ஓரத்தில், தீப்பொறி தெறிக்காத தொலைவில், உலர்ந்த சாக்கொன்றை மடித்துப் போட்டால், கொடுத்த உணவு உடலில் ஒட்டுவதற்கு அதுவும் துணைபுரியும்.

வீட்டு வைத்தியத்துக்கும் ஓர் எல்லை உண்டு. மனிதருக்குக் காய்ச்சல் தணிக்கும் பரசிற்றமோல் பூனைக்குக் கொடிய நஞ்சு. ஒரே வில்லை உயிரைப் போக்கும். மலத்தில் இரத்தம் காணப்பட்டாலும், வாந்தி ஓயாவிட்டாலும், பூனை சோர்ந்து படுத்துவிட்டாலும், நோயுற்றது சிறு குட்டியானாலும் தாமதம் கூடாது. ஆண் பூனை சிறுநீர் கழிக்க முக்கி முக்கி வருந்தினால் அது மலச்சிக்கலென்று எண்ணி வாளாவிருத்தல் ஆபத்து; நீர்த்தாரை அடைபட்டிருக்கலாம். பசுக்களைப் பார்க்க வரும் அரசாங்க மிருக வைத்தியரிடம் பூனையைப் பற்றியும் கேட்கலாம். கடினமான நோய்களுக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியப் போதனா மருத்துவமனை உண்டு.

பட்டிப்பொலவில் பூனை வளர்ப்போருக்கு இன்னுமொரு பொறுப்பு இருக்கிறது. 1988ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக்கப்பட்ட ஹோட்டன் சமவெளிக்குச் செல்லும் வழிகளுள் ஒன்று அவ்வூரின் வழியே போகிறது. உலகில் வேறெங்கும் காணப்படாத ஓணான்களும் பறவைகளும் அக்காடுகளில் வாழ்கின்றன. சரியான உணவு கிடைக்காத பூனை காட்டோரத்தில் இரை தேடும். காட்டிலிருந்து வரும் சிறுத்தைக்குத் தானும் இரையாகும். இங்கிலாந்தில் நடந்து 2021இல் வெளியான ஓர் ஆய்வு இதற்குப் பொருத்தமான செய்தியைத் தருகிறது. இறைச்சிப் புரதம் நிறைந்த உணவைப் பெற்ற பூனைகள் வீட்டுக்கு வேட்டையாடிக் கொணர்ந்த உயிர்கள் 36 விழுக்காடு குறைந்தன. நாள்தோறும் ஐந்து முதல் பத்து நிமிடம் விளையாட்டுக் காட்டப்பட்ட பூனைகளிடத்தில் 25 விழுக்காடு குறைந்தன. பூனையின் வயிற்றை உணர்ந்து உணவூட்டுவதால் காட்டுக்கும் நன்மை விளைகிறது.

வறுமையோடு போராடும் வீட்டில் பூனைக்கு இறைச்சி தேடுவது எங்ஙனம் என்று சிலர் வினவலாம். அது நியாயமான வினாவே. ஆனால் பாலுக்குச் செலவிட்ட பணம் அங்கே ஏற்கெனவே செலவாகிக்கொண்டிருக்கிறது. அதனால் பூனை நோயுற்றதே கண்ட பயன். அதே பணத்துக்கு ஒரு முட்டையோ, சிறிது கோழி இதயமோ வாங்கலாம். எலியால் சேதமாகும் அரிசியையும் கிழங்கையும், எலியின் சிறுநீரால் பரவும் எலிக்காய்ச்சலையும் எண்ணிப் பார்த்தால், நலமுள்ள ஒரு பூனை தன் உணவுக்குக் கைம்மாறு செய்யாமல் இருப்பதில்லை.

எடுத்துக்காட்டில் கண்ட அப்பாயி ஊற்றிய பாலில் அன்புக்குக் குறைவில்லை. குறைந்தது அறிவு ஒன்றே. அதுவும் அவர் குற்றமன்று. தமக்கு இனியது பிற உயிருக்கும் இனியது என்று எண்ணுவது நல்லவர்களின் இயல்பு. ஆனால் வாய் பேசாத உயிர் தனக்கு ஒத்தது எது, ஒவ்வாதது எது என்பதைத் தன் உடலாலேயே தெரிவிக்கிறது. அந்தப் பேச்சைப் பேத்தி கேட்டாள். அவளது கொப்பிக் குறிப்பை அப்பாயியும் ஒருமுறை கேட்டுப் பார்ப்பாராயின், நாளைக் காலையில் தேநீருக்குரிய பால் முழுவதும் அவருடைய கோப்பைக்கே திரும்பும். பூனையின் தட்டில் தெளிந்த நீர் இருக்கும். அதனருகே, உப்பும் உறைப்பும் சேராமல் அவித்த ஒரு பிடி உணவு இருக்கும். இருவருக்கும் அதுவே நன்மை.